எல்லைப்புறத்தில் ஓர் ஊசியின் சரித்திரம்: பி.சி.ஜி. பற்றிய ஐயமும் அதற்கு வந்த விடைகளும்

திருத்தணி இன்று திருவள்ளூர் மாவட்டத்து ஊராயினும், 1911-இல் சித்தூர் ஜில்லா தோன்றிய நாள் முதல் அதன் ஒரு பகுதியாக இருந்து, 1953-இல் அந்த ஜில்லாவோடு ஆந்திர ராஜ்யத்துக்குள் சென்று, ம.பொ.சிவஞானம் முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்தின் பயனாகப் எல்லைத் தகராற்றின் நடுவர் படாஸ்கரின் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் முதல் தேதியன்று சென்னை ராஜ்யத்துக்கு மீண்ட ஊர் அது. இந்த இடமாற்றத்தை நினைவிற்கொள்வது, க்ஷயரோகத் தடுப்பூசியைப் பற்றி இப்பகுதியில் எழுந்த அச்சங்களின் வரலாற்றை அறிய மிகவும் உதவும். பி.சி.ஜி. ஊசி இந்தியாவில் முதன்முதல் போடப்பட்ட மதனப்பள்ளி அந்தச் சித்தூர் ஜில்லாவிலேயே இருந்தது; அவ்வூசியின் பலனை உலகிலேயே மிகப் பெரிய அளவில் சோதித்த களமோ திருத்தணிக்குக் கிழக்கே, திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில் அமைந்தது. ஜனங்களின் அச்சத்தை வெறும் அறியாமையென்று ஒதுக்குவது சரியன்று என்பதும், கேட்ட கேள்விக்கு உண்மையான விடை உரிய காலத்தில் வாராத இடைவெளியிலேயே வதந்தி வளர்ந்தது என்பதும் இவ்வாராய்ச்சியில் தெளிவாகின்றன.

அவ்விடைவெளியைப் பொய்யால் நிரப்பும் முயற்சியும், பி.சி.ஜி.க்கு வெகுகாலம் முன்பே, அம்மைத் தடுப்பின் விஷயத்தில் நம் ராஜதானியில் நடந்திருக்கிறது. அம்மை நோயை அம்மனின் வருகையாகவே கருதி வேப்பிலை கட்டி வழிபட்ட ஜனங்கள், பசுவின் அம்மைப் பாலைக் கையில் குத்திக்கொள்ளத் தயங்கிய காலத்தில், சென்னைக் கலெக்டராயிருந்த எல்லிஸ் துரை, அம்மனும் தன்வந்திரியும் உரையாடுவதாகத் தமிழில் ஒரு கதை இயற்றினார். 1819-இல் ‘மெட்ராஸ் கூரியர்’ பத்திரிகையில், ‘கல்வி விரும்பன்’ என்ற பெயரில், அம்மை குத்தும் முறை நம் பழைய சாஸ்திரத்திலேயே உண்டென்று ஒரு கடிதமும் வெளிவந்தது. நோக்கம் நல்லதுதான், ஆயினும் அத்தகைய சாஸ்திர வாக்கு எதுவும் இருந்ததில்லை. 1905-இல் சென்னைக் கவர்னர் ஆம்ப்தில் பிரபுவே அதை மெய்யென நம்பி மேடையில் எடுத்துரைத்தார். நன்மைக்கென்று புனையப்பட்ட அப்பொய் இன்றும் கைப்பேசிகளில் பெருமையோடு பகிரப்படுவதைக் காணும்போது, நோயை ஒழிக்கவும் பொய்யைக் கருவியாகக் கொள்ளலாகாது என்ற எண்ணம் எனக்கு வலுப்படுகிறது.

இனிப் பி.சி.ஜி.க்கு வருவோம். பிரான்ஸ் தேசத்தின் லீல் நகரில் கால்மெத்தும் கெரேனும் பதின்மூன்று ஆண்டுக் காலம் வளர்த்து வீரியத்தைக் குறைத்த மாட்டு க்ஷயக் கிருமியே பி.சி.ஜி. ஆகும். 1921-இல் மனிதருக்கு முதலில் கொடுக்கப்பட்ட அது, 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் எழுபதுக்கும் மேற்பட்ட சிசுக்களைப் பலிகொண்ட விபத்தால் பெரும் அவப்பெயர் பெற்றது. அங்கே உண்மையான க்ஷயக் கிருமி மருந்தோடு கலந்துவிட்டதே காரணம் என்று பிறகு ருசுவாயிற்று. ஆயினும் விபத்துச் செய்தி பரவிய வேகத்தில் அந்த விளக்கம் பரவவில்லை. நம் நாட்டில், மதனப்பள்ளியை அடுத்த ஆரோக்கியவரம் சானட்டோரியத்தின் வாயிலாக 1948-இல் பணி தொடங்கியது. கிண்டி கிங் நிலையத்தில் அதே ஆண்டு ஊசிமருந்துத் தயாரிப்பும் ஆரம்பமாயிற்று. முதலில் முன்னங்கையில், க்ஷயக் கிருமி முன்பே தொற்றியதா என்று அறிய உதவும் டியூபர்குலின் குத்தி, மூன்றாம் நாள் வந்து அவ்விடத்தைத் தடவிப் பார்த்து, தடிப்பில்லாத குழந்தைகளுக்கு மாத்திரமே தோளில் பி.சி.ஜி. போட்டார்கள். போட்ட இடம் சில வாரங்களில் சிவந்து, கட்டியாகி, சீழ் கசிந்து, மெதுவாக ஆறித் தழும்பாகும். இஃது ஊசி வேலை செய்வதன் இயல்பான அடையாளமென்று முன்னரே சொல்லப்படாத தாய்க்கு, சௌக்கியமாயிருந்த பிள்ளையின் தோளில் திடீரெனப் புண் வைத்தது எவ்வாறு தோன்றியிருக்கும்!

எதிர்ப்பு படிப்பில்லாதவர்களிடமிருந்து வரவில்லை என்பது இங்கே ஊன்றி நோக்கத்தக்கது. சென்னையில் ஏ.வி.ராமன் என்ற ஓய்வுபெற்ற சுகாதாரப் பொறியியலறிஞர் 1948 முதலே பத்திரிகை வாயிலாகக் கண்டனம் எழுதிவந்தார். 1955-இல், முதலமைச்சர் பதவியை விட்டு ஓராண்டே கழிந்திருந்த ராஜாஜி, ஆரோக்கியமான குழந்தைகளின் உடலில் உயிருள்ள கிருமியைப் பெருந்திரளாகச் செலுத்துவது தகாதென்று பிரசாரம் செய்து, தாம் எதிர்ப்பதன் காரணங்களைப் புத்தகமாகவும் வெளியிட்டார். மத்திய சுகாதார மந்திரி ராஜகுமாரி அம்ரித் கௌர் ஊசியின் பக்கம் உறுதியாக நின்றார். அந்நாளில் திருத்தணி கர்நூலைத் தலைநகராகக் கொண்ட ராஜ்யத்தில் இருந்தது. அதன் மொழியுறவும் ரயிலுறவும் சென்னையோடு இருந்தன. சர்க்கார் உத்தரவு வடக்கிலிருந்தும் விவாதம் தெற்கிலிருந்தும் வரக்கூடிய இத்தகைய ஊரில் சுகாதார ஊழியர் எந்த மொழியில், எவர் பெயரைச் சொல்லிச் சமாதானம் கூறுவது?

ராஜாஜியை வதந்தி பரப்பியவரென்று நான் சொல்லமாட்டேன். ஊசியின் ஆபத்தை அவர் மிகைப்படுத்தினார் என்பது என் துணிபு. ஆனால் அதன் பலன் நிரூபணமாயிற்றா என்று அவர் எழுப்பிய வினா நியாயமானது. அதற்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் உலகச் சுகாதார ஸ்தாபனத்தின் துணையோடு 1968-இல், அந்நாளில் திருவள்ளூரையும் உள்ளடக்கிய செங்கற்பட்டு ஜில்லாவில் ஆய்வைத் தொடங்கிற்று. 209 கிராமங்களும் ஒரு நகரமும் அடங்கிய அப்பகுதியில் ஏறத்தாழ மூன்றரை லட்சம் பேர் பதிவு செய்யப்பட்டு, எவருக்கு மருந்து, எவருக்கு மருந்தற்ற ஊசி என்பது போடுபவருக்கும் தெரியாதபடி ஊசி போடப்பட்டது. 1979-இல் வெளியான முடிவு மருத்துவ உலகையே திகைக்கச் செய்தது: பெரியவர்களின் நுரையீரல் க்ஷயத்தைப் பி.சி.ஜி. தடுக்கவில்லை. பதினைந்தாண்டுக் கணக்கு 1999-இல் வெளிவந்தபோதும் பெரியவர்களைப் பற்றிய முடிவு மாறவில்லை. சிறுவர்களிடம் மாத்திரம் 27 சதவீத அளவில் சொற்பப் பாதுகாப்பு தென்பட்டது, அதுவும் ஐயத்துக்கு இடமின்றி நிலைநாட்டப்படவில்லை. மண்ணிலும் நீரிலுமுள்ள வேறு மைக்கோபாக்டீரியங்கள் இப்பகுதி மக்களின் உடலில் முன்பே ஓரளவு எதிர்ப்பை உண்டாக்கியிருக்கலாம் என்பது இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. பிற ஆய்வுகளோ, சிசுக்களை மூளைக்காய்ச்சல் வகைக் க்ஷயத்திலிருந்தும் உடலெங்கும் பரவும் க்ஷயத்திலிருந்தும் இவ்வூசி காக்கிறதென்று காட்டின. பிறந்தவுடன் அதைப் போடும் வழக்கம் அதனாலேயே இன்றுவரை நீடிக்கிறது. சந்தேகத்தைத் தண்டிக்காமலும் அதற்குப் பணியாமலும் பரீட்சித்துப் பார்த்த இந்த ஆய்வை, நம் வட்டாரத்தின் அருஞ்செயலென்றே நான் மதிக்கிறேன்.

ஊசிப் பணி தொடங்கியது முதல் கணக்கிட்டால், அந்த விடைக்கு முப்பதாண்டு காத்திருக்க நேர்ந்தது. இந்நாளிலோ வதந்திக்குச் சில மணி நேரம் போதும். 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயது வரையுள்ளோருக்குத் தட்டம்மை–ரூபெல்லா ஊசி போடத் தமிழகம் முனைந்தபோது வாட்ஸ்அப் செய்திகள் பெற்றோரைக் கலக்கியதால், குறித்த நாட்களுக்கு மேலும் முகாமை நீட்டிக்க வேண்டியதாயிற்று. 2021 ஏப்ரல் 15-இல் கொரோனா ஊசி போட்டுக்கொண்ட நடிகர் விவேக் 17-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். ஊசிக்கும் மரணத்துக்கும் தொடர்பில்லையென்று மருத்துவர்கள் உடனே கூறினர். ஆனால் தடுப்பூசியின் பின்விளைவுகளை ஆராயும் தேசியக் குழுவின் முறையான முடிவு அக்டோபரில்தான் வெளியாயிற்று. இடைப்பட்ட ஆறு மாதங்களும் வதந்திக்கே உரியவையாயின.

திருத்தணியின் குடும்பங்களுக்கு எல்லைக்கு அப்பால் ஆந்திரத்திலுள்ள நகரியிலும் புத்தூரிலும் உறவு உண்டு. ஆகையால் ஒரு மொழியில் பிறந்த அச்சம் மற்றொரு மொழிக்குள் அன்றே புகுந்துவிடும். மறுப்பும் தமிழிலும் தெலுங்கிலும் ஒரே நாளில் வரவேண்டும். பிரசவ வார்டில் பச்சிளங்குழந்தைக்குப் பி.சி.ஜி. போடும்போது, தோளில் எத்தனை வாரத்தில் கட்டி வரும், எப்போது சீழ் கசியும், அதன்மேல் ஏன் மருந்து தடவக்கூடாது, இவ்வூசி எந்த க்ஷயத்தைத் தடுக்கும், எதைத் தடுக்காது என்பவற்றைத் தாயிடம் அவள் மொழியில் சொல்ல ஐந்து நிமிஷம் ஆகும். அந்த ஐந்து நிமிஷத்தைச் செவிலியரின் வேலைக் கணக்கில் சர்க்கார் சேர்க்கவேண்டும்.