சாகா வாழ்வு யாருக்கு?

1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள், அமெரிக்காவில் ஜேம்ஸ் பெட்ஃபோர்டு என்னும் பேராசிரியரின் உயிர் நீத்த உடல், வருங்கால விஞ்ஞானம் உயிர்ப்பிக்கும் என்னும் நம்பிக்கையுடன் உறையவைக்கப்பெற்றது. இவ்வழியை நாடியோருட் பலர், அரசின் தலையீட்டை விரும்பாது தனிமனித உரிமையையே பெரிதும் போற்றினர். அவரவர் பொருளால் அவரவர் உடலைக் காப்பதே அங்கு முறை.

அதற்கு ஒரு நூற்றாண்டு முன்னரே, வடலூர் இராமலிங்க அடிகள் மரணமிலாப் பெருவாழ்வைப் போதித்தார். இறந்தோரை எரியாது புதைமின், இறையருளால் மீண்டெழுவர் என்றார். ஆயின் அவர் தமக்கென மட்டும் அதனை வேண்டினாரல்லர். 1865இல் சன்மார்க்க சங்கம் கண்டு சாதி வேற்றுமையை மறுத்தார். 1867இல் தருமசாலை நிறுவிப் பசித்தோர்க்கெல்லாம் உணவளித்தார். அவ்வடுப்பு இன்றும் அணையவில்லை.

அன்பர்களே! மைசூர் அக்ரஹாரத்தில் ஆண்டு விழாப் பந்தியில் அமருமுன், வாயிலில் பசித்து நிற்போர் உளரோ என ஒருமுறை நோக்குவோமாக.