நிக்காஹ் ஆல்பமும் மெய்ப்புப் படமும்: ஒரு வரலாற்றுப் பார்வை



நிக்காஹ் நிறைவுற்றுச் சில வாரங்கள் கழிந்தபின், ஆல்பத்தின் மாதிரி மணவீட்டாரின் கைப்பேசிக்கு வந்து சேர்கிறது. பார்த்துத் திருத்தம் சொன்னால் அச்சுக்கு அனுப்பிவிடலாம் என்று படப்பிடிப்பாளர் அவசரப்படுத்துகிறார். அச்சகத்தார் மெய்ப்பு என்பதையே இவர்கள் புரூஃப் என்கிறார்கள். இச்சிறு வழக்கத்தின் பின்னே ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. அவ்வரலாறு நெடுகிலும் ஒரு கேள்வி உடன்வருகிறது: நம் வீட்டுப் பெண்களின் உருவங்கள் எவரெவர் கைகளைக் கடந்து நம்மிடம் வருகின்றன?

ஒளிப்படத்தின் வேரைத் தேடுவோர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னுல் ஹைஸமிடம் வந்து நிற்பது வழக்கம். இருட்டறையின் சிறு துளை வழியே நுழையும் ஒளியை அவர் ஆராய்ந்தது பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில். ஆயினும் ஒளியைத் தாங்கிப் பிடித்து நிறுத்தும் வித்தை 1839-இல் பிரான்சில்தான் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. தாகேர் கண்ட அம்முறையில் ஒரு தகட்டுக்கு ஒரே படம். பிரதி எடுக்க இயலாது. எனவே அங்கே மெய்ப்புக்கு இடமே இல்லை. இங்கிலாந்தின் டால்பாட் 1841-இல் காப்புரிமை பெற்ற நெகட்டிவ் முறை வந்த பின்னரே, ஒன்றைப் பார்த்து மற்றொன்றை வேண்டிப் பெறுவது இயல்வதாயிற்று. 1854-இல் பாரிஸ் நகரத்து டிஸ்தேரி ஒரே தகட்டில் பல சிறு படங்களை எடுக்கும் முறைக்கு உரிமை பெற்றார். பெயரட்டை அளவிலான அப்படங்கள் மலிந்தபோது, அவற்றைச் செருகி வைக்க ஏடு தேவைப்பட்டது. ஆல்பம் வீட்டுப் பொருளானது இவ்வாறுதான்.

முஸ்லிம் உலகம் இக்கலையை விலகி நின்று மட்டும் பார்க்கவில்லை. எகிப்தியப் படைப் பொறியாளர் முஹம்மது ஸாதிக் பே 1861-இல் மதீனாவையும், 1880-இல் மக்காவையும் படமெடுத்தார். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீது தம் ஆட்சிப் பகுதியின் பள்ளிகள், மருத்துவமனைகள், படையணிகள் ஆகியவற்றின் படங்களைத் தொகுத்து 51 பெரிய ஆல்பங்களாக அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அன்பளிப்புச் செய்தார். 1893-ஐ ஒட்டிச் சென்ற அத்தொகுப்பில் 1,800-க்கும் மேற்பட்ட படங்கள் உள்ளன. எந்தப் படம் இடம்பெற வேண்டும், எது எதற்கு முன்னே வர வேண்டும் என்பதில் தன்னைப் பிறர் எவ்வாறு காண வேண்டும் என்னும் எண்ணம் ஒளிந்திருக்கிறது. இன்றைய மணவீட்டாரும் செய்வது ஏறத்தாழ அதைத்தானே!

மார்க்க அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்ததை நாம் அறிவோம். எகிப்தின் முஃப்தியாக விளங்கிய முஹம்மது பகீத் அல்முதீஈ, ஒளிப்படம் என்பது நிழலைத் தடுத்து நிறுத்துவதே அன்றிப் படைப்பதன்று என வாதிட்டு அதனை ஆகுமாக்கினார். நம் துணைக்கண்டத்தின் முஃப்தி முஹம்மது ஷஃபீ போன்றோர் தூரிகை ஓவியத்தின் சட்டமே இதற்கும் என மறுத்து எழுதினர். இதில் தீர்ப்புக் கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஆயினும் ஒன்றைச் சொல்லலாம்: படத்தை ஆகுமாக்கியவரின் வாதம், அந்நியப் பெண்ணின் படத்தை எவரும் பார்க்கலாம் என்பதற்கான அனுமதியாகாது. அது வேறு மஸ்அலா.

இந்த இரண்டாவது மஸ்அலாவுக்கு நடைமுறையில் விடை தேடியவர்களுள் ஒருவர், ஹைதராபாத் நிஜாமின் படக்கலைஞரான லாலா தீன் தயாள். 1892-இல் அவர் அந்நகரில் பெண்களுக்கென்றே ஒரு ஸெனானா ஸ்டூடியோவைத் திறந்தார். உயர்ந்த சுவர்கள் அதைச் சூழ்ந்திருந்தன. கென்னி லெவிக் என்னும் ஆங்கிலப் பெண்மணி அதற்குப் பொறுப்பேற்றார். உள்ளே பணியாற்றியவர்களும் பெண்களே. சுவர் எழுப்புவது எளிது. சுவருக்குள் நடக்கும் வேலையையும் பெண்களிடமே ஒப்படைத்ததுதான் நம் கருத்தில் அந்த ஏற்பாட்டின் நுட்பம். பிற்காலத்தில், 1919-இல், இஸ்தான்புல்லில் நாஜியே ஹானும் என்ற பெண்மணி தம் இல்லத்திலேயே ஸ்டூடியோ அமைத்துப் பெண்களைப் படமெடுத்தார்.

மெய்ப்புக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதி தொடங்கி நெடுங்காலம் மேலைநாட்டு ஸ்டூடியோக்கள் வாடிக்கையாளருக்குக் காட்டிய மெய்ப்பு, செம்பழுப்பு நிறத்து ஒருவகைத் தாளில் இருந்தது. நெகட்டிவை அத்தாளோடு சேர்த்துச் சட்டத்தில் இறுக்கி வெயிலில் வைப்பார்கள். டெவலப்பர் இன்றியே ஒளியால் படம் தோன்றும். ஆனால் அதை ஹைப்போவில் இட்டு நிலைப்படுத்தமாட்டார்கள். ஆகவே வெளிச்சம் படப்பட மெய்ப்பு மேன்மேலும் கறுத்து, முடிவில் முகமே தெரியாமல் போகும். உறையிலிருந்து எடுத்துச் சிறிது நேரம் பார்த்து, வேண்டியதைத் தெரிவு செய்து, திருப்பித் தர வேண்டும். காசு கொடுக்காமல் மெய்ப்பையே வைத்துக்கொள்வாரோ என்ற வியாபாரக் கவலைதான் இதற்குக் காரணம், பேணுதல் அன்று. எனினும் கறுத்துப்போன மெய்ப்பு ஊர் சுற்றவில்லை என்பதும் உண்மை. நெகட்டிவ் மட்டும் ஸ்டூடியோ அலமாரியிலேயே தங்கிவிட்டது.

நம் ஊர்களில் கறுப்பு அட்டை ஏடும், மூலைகளைப் பிடிக்கும் கார்னரும், இடையிடையே பட்டர் பேப்பரும் கொண்ட ஆல்பங்கள் இன்னும் பல வீட்டு அலமாரிகளில் உள்ளன. ஒரு பிலிம் சுருளில் 36 படங்கள். ஒவ்வொரு படத்திற்கும் செலவு. அக்காலத்தில் தெரிவு செய்ய அதிகம் இருந்ததில்லை. டிஜிட்டல் கேமரா வந்தபின் ஒரு நிக்காஹுக்கு ஆயிரக்கணக்கில் எடுக்கிறார்கள். கரிஷ்மா ஆல்பம் என நம்மவர் அழைக்கும் கனத்த தாள் ஆல்பத்தில், விரித்தால் 12-க்கு 36 அங்குலம் வரும் ஒரே தாளில் பல படங்களை இணைத்து வடிவமைக்கிறார்கள். மெய்ப்புப் பார்ப்பவர் முதலில் நடு மடிப்பைக் கவனிக்க வேண்டும். மணமகனின் முகம் மடிப்பில் விழுந்தால் அச்சான பிறகு செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓரங்களில் வெட்டுப்படும் பகுதியில் எழுத்து இருக்கலாகாது. கைப்பேசித் திரையின் வெளிச்சத்தில் பார்த்த நிறம் தாளில் சற்று இருண்டு வரும் என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

இவற்றைப் படப்பிடிப்பாளரே பார்த்துக்கொள்வார். அவர் பார்க்க இயலாதவை இரண்டு உண்டு. ஒன்று அரபு எழுத்து. அரபுக்கான அமைப்பு இயக்கப்படாத வடிவமைப்பு மென்பொருளில் பிஸ்மில்லாஹ்வை ஒட்டினால், எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் தனித்தனியே பிரிந்து, இடமிருந்து வலமாகத் தலைகீழாகி நிற்கும். அரபு அறியாத வடிவமைப்பாளருக்கு அது அழகிய கோலமாகவே தோன்றும்! மணமக்களுக்கான துஆவும் பெயர்களும் இவ்வாறு சிதைந்து நிற்பதைக் கண்டு, அச்சுக்குமுன் நம்மிடம் கொண்டுவந்து காட்டுவோர் உண்டு. ஓதத் தெரிந்த ஒருவர் வலமிருந்து எழுத்தெழுத்தாக வாசித்துப் பார்ப்பதே வழி.

மற்றொன்று ஹிஜ்ரி தேதி. இஸ்லாமிய நாள் சூரியன் மறைவதோடு தொடங்குகிறது. மக்ரிபுக்குப் பின் நடந்த நிக்காஹுக்கு அன்றைய பகலின் ஹிஜ்ரி தேதியை எழுதினால் ஒருநாள் பிழை. கைப்பேசிச் செயலி காட்டும் தேதியும் நம் ஊர்ப் பிறைக் கணக்கும் மாறுபடலாம் என்பதால், ஜமாஅத்தின் நிக்காஹ் பதிவேட்டில் உள்ள தேதியோடு ஒப்பிட்டுக்கொள்வது நலம்.

இனி, இன்றைய மெய்ப்பு கறுப்பதில்லை. படப்பிடிப்பாளரின் மெமரி கார்டு, வேறோர் ஊரில் இருக்கும் வடிவமைப்பாளரின் கணினி, அச்சிடும் லேப், உறவினரின் வாட்ஸ்அப் குழு என்று அது செல்லும் இடமெல்லாம் ஒரு பிரதி தங்கிவிடுகிறது. இதனை அமானிதமாகக் கருதும் சில குடும்பத்தார் ஒழுங்கொன்றை வகுத்துக்கொண்டிருக்கிறார்கள். பெண்கள் பகுதியைப் பெண் கலைஞரே படமெடுக்கிறார். அப்படங்களின் தெரிவு கைப்பேசி வழியே நடவாமல், வீட்டுப் பெண்கள் முன்னிலையில் அவருடைய மடிக்கணினியிலேயே நடக்கிறது. ஆண்கள் பகுதிக்குத் தனி ஆல்பம், தனி மெய்ப்பு. ஆல்பம் கைக்கு வந்ததும் மூலப் படங்களை ஹார்டு டிஸ்கில் பெற்றுக்கொண்டு, மற்ற பிரதிகளை அழிக்கச் சொல்கிறார்கள். ஸ்டூடியோவின் மாதிரி ஆல்பத்திலும் விளம்பரப் பக்கத்திலும் தம் வீட்டுப் படம் இடம்பெறலாகாது என்பதை முன்பணம் கொடுக்கும்போதே ரசீதில் எழுதி வாங்கிக்கொள்கிறார்கள்.