வை-ஃபை

வை-ஃபை என்பது கணினி, நகர்பேசி முதலிய கருவிகளைக் கம்பி இணைப்பின்றி, வானொலி அலைகளின் வழியே ஒரு வலையமைப்புடன் இணைக்கும் தொழில்நுட்பம் ஆகும். ஐ.இ.இ.இ. 802.11 எனும் சீர்தரத் தொகுதியை இது அடிப்படையாகக் கொண்டது. வை-ஃபை தானாக இணையத்தைத் தருவதில்லை. வீடு அல்லது அலுவலகம் வரை வேறு வழியில் வந்து சேரும் இணைய இணைப்பை, அங்குள்ள பல கருவிகளுக்குப் பகிர்ந்தளிப்பதே இதன் பணி. உரிமக் கட்டணம் இல்லாத அலைக்கற்றை, எல்லா நிறுவனங்களுக்கும் பொதுவான சீர்தரம் ஆகிய இரண்டுமே இதன் விரைவான பரவலுக்கு முதன்மைக் காரணங்கள்.

பெயர்

இப்பெயரை 1999 ஆம் ஆண்டு இன்டர்பிராண்ட் என்னும் நிறுவனம் உருவாக்கியது. ஒலிக்கருவிகளைக் குறிக்கும் "ஹை-ஃபை" என்ற சொல்லின் ஓசையை ஒத்து அமைந்த வணிகப் பெயரே இது. "வயர்லெஸ் ஃபிடலிட்டி" என்பதன் சுருக்கம் எனப் பலர் கருதுவது சரியன்று.

வரலாறு

வானொலி அலைவரிசைகளைப் பயன்படுத்தப் பொதுவாக அரசின் உரிமம் தேவை. அமெரிக்கத் தகவல்தொடர்பு ஆணையம் 1985 இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் உள்ளிட்ட சில பட்டைகளில், குறைந்த திறன் கொண்ட தகவல்தொடர்புக் கருவிகளை உரிமமின்றி இயக்க இசைவளித்தது. நுண்ணலை அடுப்புகள் போன்றவற்றின் இடையூறு மிகுந்த பட்டைகள் என்பதால் இவற்றுக்கு அதுவரை பெரிய மதிப்பு இருக்கவில்லை.

இதன்பின் பல நிறுவனங்கள் கம்பியில்லா வலையமைப்புக் கருவிகளை வெளியிட்டன. ஆனால் ஒரு நிறுவனத்தின் கருவி மற்றொன்றின் கருவியுடன் இயங்கவில்லை. இச்சிக்கலைத் தீர்க்க 1990 இல் ஐ.இ.இ.இ. அமைப்பு ஒரு குழுவை அமைத்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த விக் ஹேய்ஸ் அதன் தலைவராக இருந்தார். 1997 இல் வெளியான முதல் சீர்தரம் நொடிக்கு 2 மெகாபிட் வேகம் வரை அளித்தது. 1999 இல் தொடங்கப்பட்ட தொழிற்கூட்டமைப்பு (பின்னர் வை-ஃபை கூட்டமைப்பு), கருவிகளைச் சோதித்துச் சான்றளிக்கத் தொடங்கியது. எந்த நிறுவனத்தின் கருவியை வாங்கினாலும் அது பிறவற்றுடன் இயங்கும் என்ற நம்பிக்கை நுகர்வோருக்கு இச்சான்றினால் ஏற்பட்டது.

அறைச் சுவர்களில் பட்டுத் தெறிக்கும் அலைகள் ஒன்றோடொன்று கலப்பதால் ஏற்படும் சிக்கலுக்கு, ஆஸ்திரேலிய அரசின் ஆய்வு நிறுவனமான சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. 1990களில் ஒரு தீர்வு கண்டு காப்புரிமை பெற்றது. இது தொடர்பாக அமெரிக்காவில் நடந்த வழக்குகளின் இணக்கத் தீர்வுகள் வாயிலாக இந்நிறுவனம் 40 கோடி ஆஸ்திரேலிய டாலருக்கும் மேல் பெற்றது.

நுகர்வோர் சந்தை

1999 ஜூலையில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபுக் மடிக்கணினியுடன் ஏர்போர்ட் என்ற பெயரில் இவ்வசதியை அறிமுகப்படுத்தியது. கணினியில் பொருத்தும் அட்டையின் விலை 99 டாலர். அலைபரப்பும் நிலையத்தின் விலை 299 டாலர். 2003 இல் இன்டெல்லின் சென்ட்ரினோ வெளியான பின், மடிக்கணினிகளில் வை-ஃபை உள்ளமைந்த வசதியாகவே வரத் தொடங்கியது. அகலப்பட்டை இணைப்புப் பெற்ற வீடுகளில், ஒரே இணைப்பைப் பலரும் பகிர முடிந்தது விற்பனையைப் பெருக்கியது. பின்னர் திறன்பேசிகள் இதன் முதன்மைப் பயனர்களாயின.

சீர்தரங்களும் அவற்றின் உச்ச வேகமும்:

* 802.11பி (1999): 11 மெகாபிட்
* 802.11ஜி (2003): 54 மெகாபிட்
* 802.11என், வை-ஃபை 4 (2009): 600 மெகாபிட்
* 802.11ஏசி, வை-ஃபை 5 (2013): ஏறத்தாழ 6.9 கிகாபிட்
* 802.11ஏஎக்ஸ், வை-ஃபை 6 (2021): 9.6 கிகாபிட்

இவை நொடிக்கான கோட்பாட்டு அளவுகள். நடைமுறையில் கிடைக்கும் வேகம் இவற்றைவிட மிகக் குறைவு. 4, 5, 6 என்ற எளிய எண்கள் 2018 இல் அறிமுகமாயின. வை-ஃபை 7 கருவிகளுக்குச் சான்றளித்தல் 2024 ஜனவரியில் தொடங்கியது.

இந்தியாவில்

இந்திய அரசு 2005 ஜனவரியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையைக் கட்டடங்களுக்கு உள்ளும் வெளியும் உரிமமின்றிப் பயன்படுத்த வழிவகுத்தது. 2000களின் நடுப்பகுதியில், கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாக ஆய்வாளர்கள் தேனி அரவிந்த் கண் மருத்துவமனையைச் சுற்றுப்புறக் கிராமங்களின் கண் மையங்களுடன் நெடுந்தொலைவு வை-ஃபை வழியே இணைத்தனர். இதற்கு ஒரே திசையில் அலைபரப்பும் ஆண்டெனாக்கள் பயன்பட்டன. கிராமத்து நோயாளிகள் நகருக்குச் செல்லாமலே மருத்துவருடன் நிகழ்படம் வழியே பேச முடிந்தது.

2016 ஜனவரியில் மும்பை சென்ட்ரல் நிலையத்தில் ரெயில்டெல், கூகுள் நிறுவனங்களின் இலவச வை-ஃபை தொடங்கி, பின் 400க்கும் மேற்பட்ட நிலையங்களுக்குப் பரவியது. நகர்பேசி இணையம் மலிவானதைச் சுட்டி, இத்திட்டத்திலிருந்து விலகுவதாகக் கூகுள் 2020 இல் அறிவித்தது. அதே ஆண்டு டிசம்பரில், சிறு கடைகளும் உரிமமின்றிப் பொது வை-ஃபை வழங்க உதவும் பி.எம்.-வாணி திட்டத்துக்கு நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது.

பாதுகாப்பு

வானொலி அலைகள் சுவரோடு நிற்பதில்லை என்பதால், அருகில் உள்ள எவரும் அவற்றைப் பெற இயலும். முதலில் வந்த வெப் மறையாக்க முறையை எளிதில் உடைக்கலாம் என்பது 2001 இல் வெளிப்பட்டது. அதற்கு மாற்றாக 2003 இல் டபிள்யூ.பி.ஏ., 2004 இல் டபிள்யூ.பி.ஏ.2, 2018 இல் டபிள்யூ.பி.ஏ.3 ஆகியவை வந்தன.

2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புகளுக்குச் சற்று முன் அனுப்பப்பட்ட மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் ஒருவர் வீட்டின் பாதுகாப்பற்ற வை-ஃபை வழியே சென்றது தெரியவந்தது. இதன்பின் 2009 பிப்ரவரியில் தொலைத்தொடர்புத் துறை, வை-ஃபை பயனர்களை அடையாளம் உறுதிசெய்யுமாறு இணையச் சேவை நிறுவனங்களைப் பணித்தது. கடவுச்சொல் இல்லாத இணைப்பைப் பிறர் தவறாகப் பயன்படுத்தினால், விசாரணை முதலில் அதன் உரிமையாளரையே நாடும்.

குறைகள்

உரிமம் தேவையில்லை என்பதால் இடையூறுக்கு எதிரான காப்பும் இல்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றோடொன்று மோதாத தடங்கள் (1, 6, 11) மூன்றே உள்ளன. ஆகவே அடுக்குமாடிக் குடியிருப்புகளில் அண்டை வீட்டு அலைகளால் வேகம் குறைகிறது. 5 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் தடங்கள் மிகுதி. எனினும் அவ்வலைகள் சுவர்களைக் கடக்கையில் கூடுதலாக வலுவிழக்கின்றன.

இவற்றையும் பார்க்க

* அகலப்பட்டை இணையம்
* ஈதர்நெட்
* புளூடூத்