சேகரிப்பாளர் ஆண்டுக் கூடுகை

காசு, பணத்தாள், தோட்டத்து வில்லை, காசினோச் சில்லு போன்றவற்றைச் சேர்ப்பவர்கள் ஆண்டுக்கு ஒருமுறை ஓரூரில் கூடி, தம்மிடம் உள்ளவற்றைப் பரப்பி வைத்து ஒப்பிட்டுக் கைமாற்றிக்கொள்ளும் நிகழ்வு சேகரிப்பாளர் ஆண்டுக் கூடுகை எனப்படும். லண்டன் நாணயவியல் சங்கம் 1836இல் தொடங்கியது. அமெரிக்க நாணயவியல் கழகம் 1891இல் சிகாகோவில் உருவாயிற்று. இந்திய நாணயவியல் சங்கம் 1910இல் அலகாபாத்தில் அமைந்தது. பின்னாளில் தென்னிந்திய நாணயவியல் சங்கமும், தினமலர் ஆசிரியராக இருந்த இரா. கிருஷ்ணமூர்த்தியின் முயற்சிகளும் இந்த வழக்கத்தைத் தெற்கே வேரூன்றச் செய்தன. இத்தகைய கூடுகைகளைப் பொழுதுபோக்கு என்றோ வாரச்சந்தையின் இன்னொரு வடிவம் என்றோ தள்ளிவிடுவது எளிது. ஆனால் ஏட்டில் ஏறாத சிறுபொருள்களுக்கு வரலாறு கிடைத்த இடங்களில் இந்தக் கூடுகையே முதன்மையானது. புதுச்சேரியின் ஏம்பலம், பாகூர், வில்லியனூர் வட்டாரங்களில் புழங்கிய காசுகளை எடுத்துக்கொண்டாலே இது விளங்கும்.

புதுச்சேரியின் பெரிய நாணயங்களுக்கு ஆவணம் உண்டு. 1736இல் பிரெஞ்சு ஆளுநர் துய்மா ஆர்க்காட்டு நவாபு தோஸ்து அலிகானிடம் ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்றார். பிறைக்குறி பொறித்த புதுச்சேரி ரூபாய் அதன்பிறகு புழக்கத்துக்கு வந்தது. ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு தொடங்குவதும் அதே ஆண்டில்தான். உரிமை பெற எழுதிய கடிதங்களும் வணிகக் குழுமத்தின் கணக்குகளும் ரூபாயின் வரலாற்றைச் சொல்லிவிடுகின்றன. செப்புக் காசுக்கு அந்தப் பேறு இல்லை. ஒருபுறம் பிரெஞ்சு அரசின் லில்லிப்பூ, மறுபுறம் தமிழெழுத்தில் புதுச்சேரி என்ற ஊர்ப்பெயர்: இவ்வளவே அதில் இருக்கும். பெரும்பாலானவற்றில் ஆண்டு கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டு முழுவதும், அதைக் கடந்தும், அரசர் மாறினாலும் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தாலும் இதே உருவம் அச்சேறியது. காரைக்காலுக்கென்று அந்த ஊரின் பெயரையும் தாங்கிய செப்புக் காசும் உண்டு. பிரான்சில் 1830ஆம் ஆண்டுப் புரட்சியில் பூர்போன் அரசர் வீழ்ந்த பிறகு லில்லிப்பூ போய்ச் சேவல் வந்தது. 1836 என்ற ஆண்டுடன் அந்தச் சேவல் காசு வெளிவந்தபோதுதான் செப்புக்கு உறுதியான தேதி ஒன்று கிடைக்கிறது. அதற்கு முந்தையவற்றை வரிசைப்படுத்த வேண்டுமானால் பூவிதழின் வளைவு, எழுத்தின் சுழி, எடை, அச்சில் விழுந்த கீறல் ஆகியவற்றைக் காசுக்குக் காசு ஒப்பிட்டாக வேண்டும். ஒரே அச்சில் அடித்த இரண்டு காசுகள் ஒருவரிடமே இருப்பது அரிது. ஒன்று கடலூரிலும் மற்றொன்று பாரிசிலும் இருக்கும்போது அந்த உறவு யாருக்கும் தெரியாது. இரண்டும் ஒரு மேசைக்கு வந்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

கூடுகையின் பயன் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது. சங்ககாலக் காசுகளின் கதையும் இதையே சொல்கிறது. மூவேந்தர் காசு வெளியிட்டார்களா என்ற ஐயம் ஆய்வாளரிடையே நெடுங்காலம் இருந்தது. பெருவழுதி என்ற பெயரைத் தமிழ்ப் பிராமியில் தாங்கிய பாண்டியர் காசை 1980களில் கிருஷ்ணமூர்த்தி அடையாளம் கண்டு அறிவித்தார். கரூர் அமராவதி ஆற்றுமணலில் அரித்தெடுத்த காசுகளிலிருந்து மாக்கோதை, குட்டுவன் கோதை, கொல்லிரும்பொறை முதலிய சேரர் பெயர்கள் ஒவ்வொன்றாக வெளிப்பட்டன. இவற்றில் பெரும்பகுதி அகழாய்வுக் குழியிலிருந்து வந்ததன்று. மணல் அரிப்போர், பழைய உலோக வியாபாரிகள், சேகரிப்பாளர்கள் என்று கைமாறி வந்தது. வந்த காசைப் படித்தவர் தம் வாசிப்பைச் சங்கத்தில் வைத்தார். மறுப்புகளும் திருத்தங்களும் அங்கே எழுந்தன. பல்கலைக்கழகத் துறைகள் அந்த வேலையைப் பின்னால் வந்து ஏற்றுக்கொண்டன என்பதே உண்மை.

காசு அரசின் பொருள் என்பதால் அதற்காவது ஆவணக் காப்பகம் உண்டு. தனியார் வெளியிட்ட வில்லைகளுக்கு அதுவும் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு இலங்கையில் காப்பி நிறுவனங்கள் தொழிலாளருக்கு, அவர்களில் பெரும்பாலோர் தமிழர், வேலைக்கு ஈடாக உலோக வில்லைகளைக் கொடுத்தன. பிறகு அவற்றைக் கூலியாக மாற்றிக்கொள்ளலாம். 1869இல் காப்பிச் செடியில் துருநோய் கண்டது, அடுத்த இருபது ஆண்டுகளில் காப்பித் தொழிலே சரிந்தது, நிறுவனங்கள் கலைந்தன, கணக்குப் புத்தகங்கள் கரையானுக்குப் போயின. எந்தப் பெயரில் எந்த மதிப்புக்கு வில்லை இருந்தது என்பதைச் சேகரிப்பாளர் பட்டியல்களே இன்று காட்டுகின்றன. மலையகத் தமிழர் கூலி வரலாற்றை எழுத முனைவோர் அந்தப் பட்டியல்களைப் புரட்டாமல் இருக்க முடியாது.

இந்த வரிசையின் கடைக்குட்டி காசினோச் சில்லு. 1960களின் நடுவில் அமெரிக்காவில் வெள்ளி டாலருக்குத் தட்டுப்பாடு வந்தபோது நெவாடாக் காசினோக்கள் ஒரு டாலர் மதிப்புள்ள வில்லைகளைத் தாமே அடித்துக்கொண்டன. சூதாட்ட மேசையில் ஓடும் களிமண் சில்லுகள் அதற்கும் முந்தியவை. காசினோ மூடினாலோ வடிவம் மாறினாலோ பழைய சில்லுகளைத் திரும்பப் பெற்று அழிப்பது வழக்கம். புதிய கட்டடத்தின் கான்கிரீட் அடித்தளத்தில் கொட்டி மூடியதும் உண்டு. அழிக்கப்படும் பொருளைக் காப்பவர்கள் சேர்ப்பவர்கள் மட்டுமே. 1988இல் காசினோச் சில்லு சேகரிப்பாளர் கழகம் அமைந்தது. 1993 முதல் லாஸ் வேகாசில் ஆண்டுக் கூடுகை நடத்தியது. இடித்துத் தரைமட்டமான விடுதிகளின் சின்னங்களும் மதிப்புகளும் வண்ணங்களும் அங்கே தொகுக்கப்பட்டன. ஆட்டக்காய்களைப் பழம்பொருளாகப் போற்றுவது நமக்குப் புதிதும் அன்று. கீழடியில் கிடைத்த நூற்றுக்கணக்கான சுடுமண் வட்டுகளையும் தந்தத் தாயக்கட்டையையும் அருங்காட்சியகத்தில் வரிசையில் நின்று பார்க்கிறோம்.

இத்தகைய சேகரிப்புக்கும் கூடுகைக்கும் மறுப்புகள் உண்டு. முதலாவது, சில்லைச் சேர்ப்பது சூதாட்டத்தைப் போற்றுவதாகும் என்பது. புதுச்சேரியில் இது வெறும் ஏட்டு வாதமாக நிற்பதில்லை. 2022இல் சொகுசுக் கப்பல் ஒன்று வந்தபோது அதில் காசினோ இருப்பதாக எழுந்த எதிர்ப்பால் அனுமதி மறுக்கப்பட்டது. அந்த எதிர்ப்பு நியாயமானதே. ஆயினும் மூடிப்போன விடுதியின் சில்லை வைத்து யாரும் சூதாட முடியாது. கூலி வில்லையைச் சேர்ப்பவர் அடிமைக் கூலிமுறையை ஆதரிக்கிறார் என்று எவரும் சொல்வதும் இல்லை. இரண்டாவது மறுப்பு, கூடுகை போலிகளின் சந்தை என்பது. போலிகள் வருகின்றன, மறுப்பதற்கில்லை. ஆனால் போலி தனியறையில்தான் எளிதாக விலைபோகும். பல கண்கள் பார்க்கும் மேசையில் நெடுநேரம் தாக்குப்பிடிக்காது. வார்ப்பில் செய்த போலிக்கும் அச்சில் அடித்த காசுக்கும் விளிம்பிலேயே வேறுபாடு தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ப்பவர் அதைக் கற்றுக்கொள்ளும் பள்ளிக்கூடமும் அதுவே.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. மண்ணிலிருந்து எடுத்த காசு எந்த அடுக்கில், எதனுடன் கிடந்தது என்பது தெரியாவிட்டால் அதன் சாட்சியத்தில் பாதி போய்விடும் என்கிறார்கள் தொல்லியலார். விலை இருக்கிறது என்று தெரிந்தால் தோண்டுவோர் பெருகுவர் என்றும் சொல்கிறார்கள். அமராவதிப் படுகையே அதற்குச் சான்று: பெயர்கள் கிடைத்தன, இடமும் அடுக்கும் கிடைக்கவில்லை. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் 1945இல் தொல்லியலாளர் வீலர் முறையாக அகழ்ந்த அரிக்கமேடு எவ்வளவு சொல்லியது என்பதை இதனோடு வைத்துப் பார்த்தால் இழப்பின் அளவு புரியும். இந்தக் குற்றச்சாட்டை மறுக்க முடியாது, சுருக்கத்தான் முடியும். கிடைத்த இடம் எழுதப்படாத பொருளை எந்தக் கூடுகையும் மேசையில் ஏற்றக்கூடாது என்ற விதி வந்தால் தோண்டுவோரின் ஊக்கம் பெருமளவு குறையும். புதையல் பற்றிய 1878ஆம் ஆண்டுச் சட்டமும், நூறாண்டைக் கடந்த பொருளை நாட்டுக்கு வெளியே கொண்டுபோவதைத் தடுக்கும் 1972ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கின்றன. அச்சத்தால் மட்டும் நடக்கும் காரியமல்ல இது. சங்கங்களே இந்த விதியைத் தமக்கு இட்டுக்கொள்ள வேண்டும்.

ஏம்பலம் வட்டாரத்துக்கு இதில் தனி அக்கறை உண்டு. பிரெஞ்சு ஊரும் ஆங்கிலேயர் ஊரும் துண்டு துண்டாகக் கலந்து கிடந்த நிலம் இது. வரப்பு தாண்டினால் அரசு மாறும். காசு மாறாமல் இருபுறமும் ஓடியது. எந்தக் காசு எவ்வளவு தூரம் உள்ளே வந்தது, இந்தோசீன வங்கியின் தாள்ரூபாயைச் சந்தையில் வாங்கினார்களா மறுத்தார்களா என்பதையெல்லாம் காப்பகத் தாள்கள் அரைகுறையாகவே சொல்லும். இதை நிரப்பக்கூடியவை வீடுகளில் கிடக்கும் காசுகள். ஆகவே பரணிலோ கொல்லையிலோ உழவிலோ லில்லிப்பூவோ சேவலோ பொறித்த செப்புக் காசு கிடைத்தால் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்; பழைய பாத்திரக்காரரிடம் எடைக்குப் போடவும் வேண்டாம். கிடைத்த இடத்தையும் நாளையும் ஒரு தாளில் எழுதிக் காசுடன் வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் கிடைத்ததென்றால் வருவாய்த் துறைக்குத் தெரிவியுங்கள்.