ரூம்மேட்டைப் பார்த்து வந்த யோசனை

போன மாசம் எங்க ஆபீஸ்ல நடுராத்திரி சர்வர் படுத்துருச்சு. "டேட்டாபேஸ்தான் பிரச்சினை"னு நான் அடிச்சுச் சொன்னேன். ரெண்டு மணி நேரம் அதையே நோண்டினோம். கடைசியில பார்த்தா, தேதி முடிஞ்சுபோன ஒரு சர்ட்டிஃபிகேட்! மறுநாள் எங்கே தப்பு நடந்ததுன்னு எல்லாரும் உட்கார்ந்து பேசுற மீட்டிங். எங்க துறையில அதுக்குப் பேரே போஸ்ட்மார்ட்டம். அந்த வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டு டாக்டர்கள் பக்கம் படிக்கப் போனப்போ, பாஸ்டன் நகரத்துக் கதை ஒண்ணு கிடைச்சது.

1890-களின் கடைசி. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியில் வால்டர் கேனன்னு ஒரு மாணவர். 'ஃபைட் ஆர் ஃப்ளைட்'னு நாம இன்னைக்குச் சொல்றோமே, அதைப் பின்னாளில் விளக்கியவர் இவர்தான். அப்போ அவர் வேலை, லெக்சர் கேட்டு நோட்ஸ் எடுப்பது. நோயின் காரணம், அறிகுறி, சிகிச்சை என்று பேராசிரியர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். (காலேஜ் ஞாபகம் வருதா? எனக்கு வந்தது.)

அவரோட ரூம்மேட் ஹாரி பிகலோ சட்டம் படித்தவர். ஹார்வர்டு சட்டப் பள்ளியில் 1870-லேயே லாங்டெல் என்ற பேராசிரியர் பாடத்தை மாற்றியிருந்தார். நிஜ வழக்குகளைப் படித்துவிட்டு வந்து மாணவர்களே வாதாட வேண்டும். அதனால் பிகலோவும் நண்பர்களும் வகுப்பு முடிஞ்ச பிறகும் வழக்குகளைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார்கள். கேனனுக்கு ஆச்சரியம்: இதையே மருத்துவத்தில் செஞ்சா என்ன?

1900-ல், இன்னும் மாணவராக இருக்கும்போதே, பாஸ்டன் மருத்துவ இதழில் அதைக் கட்டுரையாகவே எழுதிட்டார். ஒரு நிஜ நோயாளியின் விவரத்தை அச்சடித்து முன்கூட்டியே கொடுங்கள்; மாணவர்கள் யோசித்துவிட்டு வந்து வகுப்பில் விவாதிக்கட்டும். அவ்வளவுதான் யோசனை. ஒரு மாணவன் ஆசிரியர்களுக்குப் பாடம் நடத்தச் சொல்லித் தர்றான், பாருங்க.

இதை வளர்த்தெடுத்தவர் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனை டாக்டர் ரிச்சர்ட் கேபட். 1906-ல் கேஸ் வழியாகக் கற்பிப்பது பற்றிப் புத்தகமே போட்டார். 1910-ல் தொடங்கிய இன்னொரு விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. இறந்துபோன ஒரு நோயாளியின் பதிவுகளை ஒரு டாக்டரிடம் கொடுப்பார்கள். முடிவு அவருக்குத் தெரியாது. எல்லார் முன்னாலும் படிப்படியாக யோசித்து, இதுதான் நோய் என்று சொல்ல வேண்டும். பிறகு நோயியல் நிபுணர் எழுந்து, பிரேதப் பரிசோதனையில் கண்டதைச் சொல்வார். கேபட்டே பல தடவை தப்பாச் சொல்லியிருக்கார். சீனியர் டாக்டர் மாணவர்கள் முன்னால் தோற்கிறார்! லெக்சரில் இது நடக்கவே நடக்காது. அங்கே பேராசிரியர் கையில் விடை முதல்லயே இருக்கு.

கேபட் அதோடு நிற்கவில்லை. 1912-ல் 3,000 பிரேதப் பரிசோதனைகளை, உயிரோடு இருந்தபோது டாக்டர்கள் சொன்ன நோயோடு ஒப்பிட்டு வெளியிட்டார். சர்க்கரை நோயை 95 சதவீதம் சரியாகக் கண்டுபிடித்திருந்தார்கள். திடீரென வரும் சிறுநீரக அழற்சியில்? வெறும் 16. அதுவும் பேர்பெற்ற ஒரு மருத்துவமனையில். சக டாக்டர்கள் சிலருக்குச் செம கோபம்.

என்னைக் கேட்டா, இந்த முறையில ஒரு ஆபத்தும் இருக்கு. சுவாரஸ்யமா இருக்கணும்னு அபூர்வமான கேஸாவே தேர்ந்தெடுத்தா, சாதாரணக் காய்ச்சலிலும் மாணவன் அபூர்வ நோயைத் தேடுவான். நான் டேட்டாபேஸைத் தேடின மாதிரி.

அந்த மருத்துவமனையின் கேஸ்கள் 1920-களில் அதே பாஸ்டன் இதழில் தொடராக வர ஆரம்பித்தன. 1928-ல் இதழின் பெயர் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' ஆனது. தொடர் இன்னும் வருது. இப்பவும் ஒரு டாக்டர் முதல்ல யோசிச்சுச் சொல்வார். விடை அதுக்கப்புறம்தான்.