துவக்கு இல்லாத நாட்டில் பிறந்த துவக்கு

பிரீ ஃபயர் விளையாடின எங்கட வயதுக்காரருக்கு ‘ஃபமாஸ்’ என்ற பெயர் புதுசில்லை. பிரெஞ்சு இராணுவம் 1978இல் ஏற்றுக்கொண்ட றைபிள் அது. ரவைக்கூடு விசைக்குப் பின்னால் இருக்கும், மேலே நீளமான கைபிடி ஒன்று இருக்கும். 1991இல் இதே வடிவத்தில் ஒரு விளையாட்டுத் துவக்கை ஜப்பானின் டோக்கியோ மருயி கொம்பனி விற்பனைக்கு விட்டது. உள்ளே பற்றரியில் ஓடுகிற ஒரு மோட்டர். விசையை அழுத்திப் பிடித்தால் 6 மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டுகள் விடாமல் பறக்கும். இன்று உலகம் முழுக்க எயார்சொஃப்ட் விளையாடுகிற ஆட்களின் கையில் இருக்கும் மின்சார றைபிள்களுக்கெல்லாம் மூத்தது அதுதான்.

முதன்முதலாக இப்படியொரு றைபிள் வாங்கப் போகிறவரிடம் பழைய ஆட்கள் கேட்கிற கேள்விகள் எந்த நாட்டிலும் ஏறத்தாழ ஒன்றுதான். எவ்வளவு சக்தி வேணும்? எதில் ஓடுகிறது வேணும், காஸிலா பற்றரியிலா? உதிரிப்பாகம் கிடைக்குமா? அசலைப் போலவே இருக்கோணுமா, நிறம் பூசினதா? பார்த்தால் கடையில் கதைக்கிற சின்ன விசயங்கள். ஆனால் இந்தக் கேள்விகளுக்கான விடைகளைச் சந்தை தனியாக எழுதவில்லை. சட்டமும் பயமும் கூட இருந்து எழுதின. அந்தக் கதையைத்தான் நாங்கள் இங்கே பார்க்கப்போகிறோம்.

ஆயுதம் பறிக்கப்பட்ட நாடு

ஜப்பானுக்குத் துவக்கு போனது 1543இல், தனேகஷிமா தீவில் கரைசேர்ந்த போர்த்துக்கேயர் மூலம். 1505இல் எங்கட தீவுக்கு வந்த அதே போர்த்துக்கேயர்தான். அரை நூற்றாண்டு ஆகமுதலே, 1588இல், ஹிதெயோஷி குடியானவர்களிடமிருந்து வாள், ஈட்டி, துவக்கு எல்லாவற்றையும் பறிக்கச் சொல்லி ஆணை போட்டார். 1876இல் மெய்ஜி அரசு சாமுராய்கள் பொது இடத்தில் வாள் தரிப்பதையும் நிறுத்தியது. 1945இல் போரில் தோற்ற பிறகு, அமெரிக்க ஆக்கிரமிப்பின் கீழ், 1946இல் பொதுமக்கள் துவக்கும் வாளும் வைத்திருப்பதற்குத் தடை வந்தது. 1958இல் வந்த துவக்கு, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் திருத்தங்களோடு இன்றுவரை இருக்கிறது. ஒரு சாதாரண ஜப்பானியர் கைத்துவக்கு வாங்கவே ஏலாது.

அந்த நேரம் பார்த்துத்தான் 1960களில் அமெரிக்க கவ்போய் தொடர்களும் ஜேம்ஸ் பொண்ட் படங்களும் ஜப்பானுக்குள் வந்தன. திரையில் எல்லாரும் துவக்கோடு திரிகிறார்கள், தெருவில் ஒருவரிடமும் இல்லை. இந்த இடைவெளிக்குள்தான் எம்ஜீசீ போன்ற கொம்பனிகள் நுழைந்தன. அவை செய்த மாதிரித் துவக்குகள் உலோகத்தால் ஆனவை. அசலைப் போலவே கழற்றிப் பூட்டலாம், ஆனால் ரவை பாயாது.

பேந்து சிக்கல் தொடங்கியது. மாதிரித் துவக்கைக் காட்டிப் பயமுறுத்திக் கொள்ளையடித்தவர்கள் வந்தார்கள், அதை மாற்றி உண்மையிலேயே சுடவைத்தவர்களும் வந்தார்கள். 1971இல் சட்டம் திருத்தப்பட்டது. உலோகத்தால் செய்த கைத்துவக்கு மாதிரிகளின் குழாயை அடைக்க வேண்டும், வெள்ளை அல்லது மஞ்சள் நிறம் பூச வேண்டும். 1977இல் இன்னும் இறுக்கினார்கள். கறுப்பாக, அசலைப் போலத் தெரிகிற ஒன்று வேணுமென்றால் பிளாஸ்டிக்கால்தான் செய்யலாம் என்ற நிலை. உற்பத்தியாளர்கள் பிளாஸ்டிக்குக்குப் போனார்கள். சுருள்வில்லை இழுத்துவிட்டு ஒரு தடவைக்கு ஒரு சின்னக் குண்டை எறிகிற துவக்குகள் வந்தன. எயார்சொஃப்ட் தொடங்கியது இங்கேதான். துவக்கு மலிந்த நாட்டில் இப்படியொரு பொருளுக்கு இவ்வளவு தேவை இருந்திருக்காது.

ஹோஸ் பைப்பிலிருந்து மோட்டருக்கு

1981இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 12 பேர் ஒரு காட்டுக்குள் போய், மரங்களுக்கும் மாடுகளுக்கும் அடையாளம் போடப் பாவிக்கிற மைத்துவக்குகளால் ஒருவரையொருவர் சுட்டு விளையாடினார்கள். வென்றவர் ஒரு தடவைகூடச் சுடவில்லை. ஒருவர் கண்ணிலும் படாமல் கொடிகளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். ‘சர்வைவல் கேம்’ என்ற அந்தப் பெயர் ஜப்பானுக்கும் போய், சுருங்கி, இன்று ‘சாபாகே’ ஆகிவிட்டது. ஜப்பானியர் மைக்குப் பதிலாகத் தங்களிடம் ஏற்கெனவே இருந்த பிளாஸ்டிக் குண்டுகளோடு இறங்கினார்கள்.

காட்டில் ஓடி விளையாட ஒற்றைச் சூடு காணாது. தொடர்ச்சியாகச் சுட 1980களில் காஸ் வந்தது. பலர் முதுகில் ஒரு தாங்கியைச் சுமந்து, அதிலிருந்து ஒரு ஹோஸ் பைப்பைத் துவக்கில் பூட்டிக்கொண்டுதான் ஓடினார்கள். குளிர் கூடினால் காஸின் அமுக்கம் விழுந்துவிடும். அந்தக் காலம் பாவித்த காஸ்களில் ஒன்று ஃபிரியோன்-12. ஓசோன் படையைத் தின்கிறது என்று 1987 மொன்றியல் உடன்படிக்கை பட்டியலிட்ட பொருட்களில் அதுவும் ஒன்று. பணக்கார நாடுகள் 1995 முடிவோடு அதன் உற்பத்தியை நிறுத்தின.

1991இல் மருயி செய்தது கேட்க எளிமையானது. மோட்டர் பல்சக்கரங்களைச் சுற்றும். கடைசிச் சக்கரத்தில் பாதிக்குத்தான் பல் இருக்கும். பல் இருக்கும் வரை அது பிஸ்டனைப் பின்னுக்கு இழுத்துச் சுருள்வில்லை நெரிக்கும். பல் முடிந்த கணத்தில் பிஸ்டன் விடுபட்டு முன்னுக்குப் பாயும், அது தள்ளுகிற காற்று குண்டை வெளியே எறியும். அசல் துவக்கோடு உள்ளே ஒரு ஒற்றுமையும் இல்லை. வெளித்தோற்றம் மட்டும்தான் துவக்கு.

பிறகு எம்16, எம்பி5, ஏகே47 என்று வரிசையாக வந்தன. அவற்றுக்குள் இருந்த கியர்பொக்ஸ்களை ‘வேர்ஷன் 2’, ‘வேர்ஷன் 3’ என்று ஆட்கள் அழைக்கத் தொடங்கினார்கள். தாய்வானின் ஜி அன்ட் ஜி, ஹொங்கொங்கின் கிளாசிக் ஆர்மி, சீனாவின் சைமா என்று பின்னால் வந்த கொம்பனிகளும் அந்த அமைப்பையே பின்பற்றின. அதனால்தான் ஒரு கொம்பனியின் றைபிளுக்கு இன்னொரு கொம்பனியின் உதிரிப்பாகம் பெரும்பாலும் பொருந்தும். “முதலாவதாக வாங்குகிறாய் எண்டால் வேர்ஷன் 2 அல்லது 3 உள்ளதைப் பார்” என்று அனுபவசாலிகள் சொல்கிறதன் காரணம் இதுதான்.

ஒரு யூலுக்குச் சற்றுக் கீழே

சக்திக்கு ஆரம்பத்தில் உற்பத்தியாளர் சங்கங்களே தங்களுக்குள் வரம்பு வைத்திருந்தன. ஆனால் சுருள்வில்லை மாற்றினால் சக்தி கூடும், அதை மாற்றுகிறதும் கஷ்டமில்லை. 2005இல் ஒசாக்கா, வக்கயாமா பக்கங்களில் ஓடிக்கொண்டிருந்த வாகனங்கள் மீது சக்தி கூட்டிய துவக்குகளால் சுட்டுக் கண்ணாடிகளை உடைத்தார்கள். அடுத்த வருடமே சட்டம் திருத்தப்பட்டு, 2006 ஓகஸ்டில் நடைமுறைக்கு வந்தது. 6 மில்லிமீற்றர் குண்டென்றால் ஏறத்தாழ 0.98 யூல். அதாவது 0.2 கிராம் குண்டு செக்கனுக்கு 99 மீற்றர் வேகத்தைத் தாண்டக்கூடாது. தாண்டினால் அது விளையாட்டுப் பொருள் இல்லை, வைத்திருப்பதே குற்றம்.

வரம்புக்குள் நின்றுகொண்டு தூரம் கூட்ட என்ன செய்யலாம்? குழாயின் மேற்பக்கத்தில் ஒரு சின்ன றப்பர் மேடு வைத்து, குண்டைப் பின்புறமாகச் சுழலவிடுகிறார்கள். இதற்கு ‘ஹொப்-அப்’ என்று பெயர். கிரிக்கெட்டில் டொப் ஸ்பின் போட்ட பந்து சட்டென்று கீழே விழுமல்லவா, இது அதன் தலைகீழ். சுழற்சி குண்டை மேலே தாங்கிப் பிடிக்கும். ஆகவே முதல் றைபிள் தேடுகிறவர் யூல் கணக்கைத் துரத்துவதில் பொருளில்லை. நல்ல றப்பரும் நேரான குழாயும் செய்கிற வேலையை இறுக்கமான சுருள்வில் செய்யாது.

நிறத்தின் கதை இதைவிடக் கனமானது. பிரித்தானியா 2006இல் கொண்டுவந்த சட்டப்படி, அசலைப் போலத் தெரிகிற போலித் துவக்கை எல்லாருக்கும் விற்க முடியாது. காப்புறுதியுள்ள மைதானத்தில் விளையாடுகிறவர் என்று காட்ட வேணும். மற்றவர்களுக்குப் பளிச்சென்ற நிறம் பூசினதுதான். அமெரிக்காவில் குழாயின் நுனி செம்மஞ்சளாக இருக்க வேணும். 2014 நவம்பரில் கிளீவ்லண்ட் நகரத்துப் பூங்கா ஒன்றில் எயார்சொஃப்ட் கைத்துவக்கோடு நின்ற 12 வயதுக் கறுப்பினச் சிறுவனைப் பொலிஸார் வந்திறங்கிய சில செக்கன்களுக்குள் சுட்டார்கள். அவன் அடுத்த நாள் இறந்துபோனான். அவன் கையிலிருந்த துவக்கில் அந்தச் செம்மஞ்சள் நுனி இருக்கவில்லை. ஆனால் கொன்றது நுனி இல்லாததா, பார்த்தவரின் கண்ணா என்ற கேள்வி அங்கே இன்னும் முடியவில்லை. ஒரே பொருள் ஒருவர் கையில் விளையாட்டாகவும் இன்னொருவர் கையில் ஆயுதமாகவும் தெரிகிறதென்றால், அதைத் தீர்மானிக்கிறது பொருள் மட்டுமில்லை.

இது எங்களுக்கு விளங்காத கதை இல்லை. துவக்குகளின் பெயர்களை நாங்கள் போனில் படித்தோம். எங்கட அம்மா அப்பாமார் சத்தத்தை வைத்தே படித்தார்கள். 2009க்குப் பிறகு வளர்ந்த பிள்ளை ஒரு விளையாட்டுத் துவக்கைக் கேட்டால் வீட்டில் ஒரு கணம் எல்லாரும் பேசாமல் இருப்பார்களே, அதுவும் ஒரு வகைச் சட்டம்தான். எழுதப்படாதது, ஆனால் காரணமுள்ளது.

அதற்காக இந்த விளையாட்டை வெறும் ஆயுத மோகம் என்று ஒதுக்கிவிடவும் எங்களால் முடியவில்லை. மைக்குண்டு பட்டால் சட்டையில் கறை இருக்கும். எயார்சொஃப்ட் குண்டு பட்டால் ஒரு அடையாளமும் இராது. பட்டதென்று பட்டவருக்குத்தான் தெரியும். அவர் “ஹிட்” என்று கத்தி, கையை உயர்த்தி, தானாகவே வெளியேற வேணும். பட்டும் படாதமாதிரி நிற்கிறவருக்கு ஜப்பானில் ‘சோம்பி’ என்று பெயர். அப்படி நாலு பேர் வந்தால் விளையாட்டு முடிந்தது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கின றைபிளும் அந்த இடத்தில் ஒன்றும் செய்யாது.

முதல் றைபிளைத் தெரிவு செய்கிற எவரும் முதலில் வாங்க வேண்டியது கண்ணை முழுதாக மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி. அடுத்தது தன் நாட்டுச் சட்டத்தை வாசிப்பது. றைபிள் அதற்குப் பிறகுதான். அதைப் பைக்குள் மூடிக் கொண்டுபோய், மைதானத்துக்குள் மட்டும் வெளியே எடுக்க வேணும். வாங்குகிறவர் இதைச் செய்யத் தயாரில்லை என்றால், மற்றக் கேள்விகளைக் கேட்டு வேலையில்லை.