ஆறு எல்லையான வரலாறு

மெக்சிக்கோ நாட்டின் வடகோடியில், ரியோ பிராவோ ஆற்றின் தென்கரையில், நுவேவோ லரேதோ என்னும் நகரம் அமைந்துள்ளது. நுவேவோ என்னும் ஸ்பானியச் சொல்லுக்குப் புதிய என்பது பொருள். பழைய லரேதோ நெடுந்தொலைவில் இல்லை. ஆற்றுக்கு நேர் எதிரே வடகரையில் இருக்கின்றது. ஆயின் அது ஐக்கிய அமெரிக்காவிற்கு உரியது. ஓரூர் இரண்டூராகி, இரண்டும் இரு நாடுகளுக்கு உரியனவானது 1848ஆம் ஆண்டிலாகும்.

பதினெட்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இவ்வாற்றோரத்திற் குடியேற்றங்களை அமைக்கும் பணியை ஸ்பானிய அரசு ஹோசே தெ எஸ்கந்தோன் என்பவரிடம் ஒப்படைத்தது. ரெய்நோசா, கமார்கோ என்னும் ஊர்கள் 1749இல் எழுந்தன. அந்நிலம் ஆளற்ற நிலமாக இருக்கவில்லை. வேட்டையாடியும் காய்கனி திரட்டியும் வாழ்ந்த பழங்குடியினர் பலர் அங்கிருந்தனர். குடியேற்ற வரலாறுகள் அவர்களை ஒரு வரியிற் கடந்துவிடுவதே வழக்கம்.

1755ஆம் ஆண்டு மே மாதம் 15ஆம் நாள், தோமாஸ் சாஞ்செஸ் என்னும் கால்நடைப் பண்ணையாளர் சில குடும்பங்களுடன் வடகரையில் லரேதோவை நிறுவினார். ஸ்பெயினின் வடகடற்கரையிலுள்ள ஓர் ஊரின் பெயரே இதற்கு இடப்பட்டது. இடத்தேர்வுக்குக் காரணம் ஆறுதான். அவ்விடத்தில் நீர் ஆழங்குறைந்து, மனிதரும் விலங்கும் நடந்தே கடக்கத்தக்க ஒரு துறை இருந்தது. கடக்க முடிந்தமையாலேயே அங்கு ஊர் உண்டாயிற்று. 1767இல் காணிகள் பங்கிடப்பட்டபோது, இரு கரைகளிலும் ஒடுங்கிய நீண்ட கீற்றுகளாகவே நிலம் அளக்கப்பட்டது. வறண்ட அந்நாட்டில் மந்தைகளுக்கு நீர் வேண்டுமாதலின், ஒவ்வொரு காணியின் ஒரு தலைப்பும் ஆற்றைத் தொட்டு நிற்குமாறு செய்தனர்.

1821இல் மெக்சிக்கோ விடுதலை பெற்றது. 1836இல் அதிலிருந்து பிரிந்த ரெக்சாஸ், தன் எல்லை ரியோ பிராவோ என்றது; மெக்சிக்கோவோ அதற்கு வடக்கேயுள்ள நுவேசஸ் ஆறே எல்லை என்றது. லரேதோ இவ்விரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட நிலத்தில் அகப்பட்டுக்கொண்டது. மெக்சிக்கோவின் மத்திய அரசை வெறுத்தோர் சிலர் 1840இல் ரியோ கிராந்தே குடியரசு என ஒன்றை அறிவித்தபோது லரேதோவே தலைநகராயிற்று. ஓராண்டுகூட நிலையாத அரசு அது!

1846இல் மெக்சிக்கோவுக்கும் ஐக்கிய அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. 1848 பெப்ரவரி 2ஆம் நாள் கைச்சாத்தான குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கை அவ்வாற்றையே எல்லையாக வகுத்தது. தாம் மெக்சிக்கோவுடனேயே இருக்க வேண்டும் என லரேதோ மக்கள் விண்ணப்பித்தனர், அது மறுக்கப்பட்டது. எந்நாட்டுக் குடிகளாக இருப்பது என்பதைத் தெரிந்துகொள்ள உடன்படிக்கை ஓராண்டுத் தவணை அளித்திருந்தது. தந்தையரும் பாட்டனாரும் வாழ்ந்த வீட்டைக் காப்பதா, நாட்டைக் காப்பதா என்பதே அவ்வூரவர் முன்னின்ற வினா. பலர் வடகரையிலேயே தங்கினர். அவர்களைக் குறை கூறுதற்கில்லை. வேறு சில குடும்பங்கள் ஆற்றைக் கடந்து, அதே ஆண்டில் தென்கரையிற் புதிய லரேதோவை அமைத்தன. கடந்தோர் இடுகாட்டிலிருந்து முன்னோரின் எலும்புகளையும் தோண்டியெடுத்துச் சென்றனர் என்பது அந்நகரின் செவிவழிச் செய்தி. ஆவணத்தை மட்டுமே நம்புவோர் இதனை ஐயுறலாம். எனினும் பிறந்த ஊரைவிட்டு அகன்றவர் நெஞ்சில் எது கனத்ததென்பதை ஆவணங்களைவிட இக்கதை தெளிவாகக் காட்டுகின்றது.

பிரிவின் பின்னரும் கடத்தல் நின்றுவிடவில்லை. மெக்சிக்கோ நகரிலிருந்து வந்த புகையிரதப் பாதை 1888இல் நிறைவெய்தியதும், நுவேவோ லரேதோ வாணிபத்தின் தலைவாயிலாயிற்று. 1914இல், உள்நாட்டுப் போரிற் பின்வாங்கிய அரசுப் படையினர் நகருக்குத் தீயிட்டனர். 1954 ஜூனிற் பெருகிய வெள்ளம் இரு நகர்களையும் இணைத்த பாலத்தைச் சிதைத்தது. நகரும் பாலமும் மீண்டும் எழுந்தன.

இந்நாளில் ஆண்டுதோறும் பெப்ரவரி மாதத்தில் வடகரை லரேதோ, ஜோர்ஜ் வாஷிங்ரனின் பிறந்தநாளைக் கொண்டாடுகின்றது. அவர் அவ்வூரைக் கண்டவருமல்லர். அவர் காலத்தில் அது ஸ்பானியருக்கு உரியதாயிருந்தது. அவ்விழாவின்போது இரு கரைகளிலிருந்தும் சிறுவர் சிறுமியர் பாலத்தின் நடுவுக்கு நடந்து சென்று ஒருவரையொருவர் தழுவிக்கொள்கின்றனர்.